பிரிச்சாச்சு என்று எழுதியது யார்?

"என் தம்பிதான் சார் குற்றவாளி. அதை நீங்க கண்டுபிடிச்சுக் கொடுத்தா போதும்."

முதலாளி 'சார்' என்று அழைத்தது, ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய இளைஞனை. அவன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியைப் பணிவாகக் காட்டினான்.

"டிடெக்டிவ் அவங்க சார். நான் பை தூக்கறவன். கூட்டம் இருந்தா குடையும் பிடிப்பேன்."

முதலாளி அசடு வழிந்து, லென்ஸ் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

லென்ஸ் என்பதும் பட்டப்பெயர்தான். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். பொய் வாசனை அடித்தால் மட்டும் எடுத்து மாட்டுவாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தில்லுமுல்லுகளைப் பிடித்துப் பழகிய பார்வை அது. அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் கூர்மை குறையவில்லை. ரேடியோ அவளுடைய கணவனின் தம்பி. போன இடத்தில் எல்லாம் "கொஞ்சம் வாயை மூடறியா?" என்று கேட்டு வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அண்ணி ஒருத்திதான் வாயோடு சேர்த்து அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டவள்.

"நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. அப்புறம் எனக்கென்ன வேலை?" என்றாள் லென்ஸ்.

"ஆதாரம் மேடம். சாயங்காலம் போலீசுக்குப் போறேன். வெறும் கையோட போகக்கூடாது பாருங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீளமான வெட்டுமேசை. தலையில்லாத பொம்மைகள் பாதி தைத்த உடுப்புகளோடு வரிசையாக நின்றன. அங்கே முதலாளியின் மனைவி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அது ஒரு தையல் வரைபட வெப்சைட். வீட்டில் தைப்பவர்கள் அதில் பிடித்த உடுப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் வரைபடத்தை வாங்கி, அச்செடுத்து, துணிமேல் வைத்து வெட்டிக்கொள்ளலாம். வரைபடங்களை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வரைபவள் மனைவி. சைட்டைக் கட்டி, ஓட்டி, ஒழுங்காக வைத்திருந்தவன் தம்பி. முதலாளியின் பங்கு பேச்சு. வாடிக்கையாளரிடம் பேசுவார், துணிக்கடைக்காரரிடம் பேசுவார், பேச ஆள் இல்லாவிட்டால் பொம்மைகளிடம் பேசுவார்.

மழைக்காலம் தொடங்கும் முன் அண்ணன் தம்பிக்குள் தகராறு. தம்பி கோபித்துக்கொண்டு போய்விட்டான். இன்று காலை சைட்டைத் திறந்தால் வெள்ளைத் திரை. வரைபடங்கள் இருந்த ஃபோல்டரையும் காணோம்.

"இதைப் பாருங்க." முதலாளி தன் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். "வெர்ஷன் கண்ட்ரோல்னு சொல்வாங்க. சைட்டோட கோடுல, அதாவது அதை ஓட்டற புரோகிராம்ல, யார் எதை மாத்தினாலும் பேரோட, குறிப்போட இதுல ஏறிடும். கடைசியா என்ன இருக்கு?"

லென்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எல்லாப் பக்கங்களும் ஒரே மூச்சில் நீக்கப்பட்டிருந்தன. எதிரே தம்பியின் பெயர். குறிப்பில் ஒரே ஒரு சொல்: *பிரிச்சாச்சு.*

"பாத்தீங்களா திமிரை? பாகம் பிரிச்சாச்சாம்! எனக்குச் சொல்லிக் காட்டறான்!"

"தெரிஞ்ச எஞ்சினியர் யாரையாவது கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். பழைய கோடு எல்லாம் இதுக்குள்ளயே பத்திரமா இருக்கு, அதைத் திருப்பிக் கொண்டு வந்துடலாம்னார். ஆனா வரைபடம் இதுல சேராதாம். அது சர்வர்ல தனியா இருந்தது. பேக்கப் இருந்தாதான் உண்டுன்னுட்டார்."

"பேக்கப் இருக்கா?"

முதலாளி முதன்முறையாகச் சிரித்தார். "என்னைப் பாத்தா பேக்கப் இல்லாத ஆள் மாதிரியா தெரியுது?"

இரும்பு அலமாரியைத் திறந்து, வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், மோதிரம் போல உட்கார்ந்திருந்தது.

"ராத்திரி ஆனா தானா இதுல காப்பி ஆயிடும். நானே செட் பண்ணது."

"கடைசியா எப்ப திறந்து பாத்தீங்க?"

"திறக்கறதா? பத்திரமா இருக்கறதை எதுக்குத் திறக்கணும்?"

"அலமாரிக்குள்ள இருக்கற டிஸ்க்குக்கு ராத்திரி ஃபைல் நடந்து போகுமா சார்?" என்று ரேடியோ கேட்டான்.

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. ரேடியோ டிஸ்க்கைச் செருகினான். ஒரே ஒரு ஃபோல்டர். முதல் ஃபைலைத் தட்டியதும் ஸ்பீக்கரில் பின்னணி இசை புறப்பட்டது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு ஆண் குரல் மூச்சிரைக்க வந்தது. வெளியே வெட்டுமேசையில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"யார் சார் பாடறது? ரொம்ப வலியில இருக்கார் போல."

"நான்தான்" என்றார் முதலாளி. "சும்மா, ஓய்வு நேரத்துல ரெக்கார்ட் பண்ணது. இதுலயா இருக்கு?"

"இதுல இது மட்டும்தான் இருக்கு. டிஸ்க் முழுக்க நீங்க பாடியிருக்கீங்க. பேக்கப் வந்து பாத்திருக்கும், உட்கார இடமில்லைன்னு திரும்பிப் போயிருக்கும்."

"ரேடியோ, போதும்" என்றாள் லென்ஸ். அவள் உதட்டோரம் துடித்ததை அவன் கவனிக்காமல் இல்லை. அவள் கம்ப்யூட்டரில் பழைய குறிப்புகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். தகராறுக்கு முன்பு தம்பி எழுதியவை இப்படி இருந்தன:

*விலைப் பக்கம் உடைந்திருந்தது. உடைத்தவர் பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு மூத்தவர்.*

*மூத்தவர் மறுபடியும் கை வைத்தார். மறுபடியும் சரிசெய்தேன்.*

"மூத்தவர் யாரு சார்?" என்றான் ரேடியோ அப்பாவியாக.

"அவசரத்துக்கு நேரா சைட்லயே ஒண்ணு ரெண்டு மாத்துவேன். அதுக்குப் போய் எல்லார் முன்னாடியும் 'கேட்டுட்டு செய்யுங்க'ன்னான். என் சைட்டு, நான் யாரைக் கேக்கணும்னேன். அன்னைக்குப் போனவன்தான்."

லென்ஸின் விரல் நின்றது. தம்பி போன பிறகும் அவன் பெயரில் குறிப்புகள் தொடர்ந்திருந்தன. *கழுத்து இறக்கியாச்சு. பை வெச்சாச்சு. பொத்தான் இடம் மாத்தியாச்சு.*

"அடப்பாவி! இத்தனை நாளா ரகசியமா உள்ள வந்துட்டிருந்திருக்கான்!" என்று முதலாளி எழுந்தே விட்டார்.

"நல்ல திருடன் சார். வந்ததும் வந்தோம்னு கழுத்து இறக்கத்தைச் சரிபண்ணிட்டுப் போயிருக்கான்" என்றான் ரேடியோ.

வெளியே வந்தார்கள். முதலாளியின் மனைவி இன்னும் போனில்தான் இருந்தாள். "அழாதீங்கம்மா. எந்த டிசைன்? பஃப் கை வெச்ச கவுனா? உடம்பு வெட்டிட்டீங்க, கை இன்னும் வெட்டலை, அவ்வளவுதானே? கத்தரியைக் கீழ வைங்க. பொண்ணு மேடை ஏறறதுக்குள்ள தைச்சிடலாம். கொஞ்சம் பொறுங்க." போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "காலையிலேர்ந்து இப்படித்தான். பாதி வெட்டின துணியோட நிக்கறாங்க, பாவம்."

"உங்க வரைபடம் எல்லாமே போயிடுச்சா?" என்றாள் லென்ஸ்.

"சைட்ல எதுவும் இல்லைங்க" என்றாள் அவள். சாக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போட ஆரம்பித்தாள்.

தம்பி இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். தரைக்குக் கீழே, ஏசி உறுமும் அறை. கேபிள்களுக்கு நடுவே உட்கார்ந்து, வந்தவர்கள் சொன்னதை முழுவதும் கேட்டான்.

"என் பேரா?" என்று முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு தேய்ந்தது. "அண்ணன் அதை நம்பிட்டாரா?"

"சாயங்காலம் போலீசுக்குப் போறார்."

"இங்க அந்த மாதிரி ஒரு புகார் வந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றான் மெதுவாக. பிறகு தன் லேப்டாப்பை இழுத்தான். "சார், உங்க பேரென்ன?"

"ரேடியோன்னு போடுங்க. அதுதான் செல்லுபடியாகும்."

தம்பி இரண்டு வரி தட்டித் திரையைத் திருப்பினான். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு புதிய மாற்றம் ஏறியிருந்தது. எழுதியவர்: ரேடியோ. குறிப்பு: *இனி என் வாழ்நாள் முழுக்க மௌனம்.*

"ஐயோ! இது நான் எழுதலைங்க!"

"அதைத்தான் சொல்றேன். மெஷின்ல ஒரு தடவை என்ன பேர் கொடுத்து வெச்சோமோ, அதுவேதான் ஒவ்வொரு தடவையும் விழும். யார் விரல் தட்டுதுன்னு அதுக்குத் தெரியாது. இது கையெழுத்து இல்லை மேடம். சாப்பாட்டு டப்பா மேல ஒட்டின பேர் மாதிரி."

லென்ஸ் கண்ணாடியை மாட்டினாள். "உங்க பேர் ஒட்டின டப்பா வேற எங்க இருக்கு?"

"என் பழைய லேப்டாப். அதை அங்கேயே விட்டுட்டு..." அவன் நிறுத்திவிட்டான்.

"யார்கிட்ட விட்டீங்க?"

தம்பி எதிரே இருந்த சுவரைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நெடுநேரம் பார்த்தான்.

"ஞாபகம் இல்லை."

"ஞாபகம் இல்லைன்னு சொல்ல இவ்வளவு நேரமா?"

"மேடம்." அவன் எழுந்து நின்றான். "நான்தான் அழிச்சேன்னு வெச்சுக்குங்க. அண்ணன்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. புகார் கொடுக்கறதுன்னா கொடுக்கட்டும்."

காரில் ஏறியதும் ரேடியோ கையைத் தட்டினான். "முடிஞ்சுது அண்ணி! குற்றவாளியே ஒத்துக்கிட்டான். இவ்வளவு சீக்கிரம் முடிஞ்ச கேஸ் நமக்கு வாய்ச்சதே இல்லை."

"இப்பதான்டா ஆரம்பிக்குது. பேர் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நமக்குப் பாடம் எடுத்தான். அடுத்த நிமிஷமே நான்தான்னு ஒத்துக்கறான். வேலையே போயிடும்னு தெரிஞ்சும் ஒத்துக்கறான். ஒருத்தன் செய்யாத தப்பை யாருக்காகத் தலையில போட்டுக்குவான்?"

"எவனும் போட்டுக்க மாட்டான்."

"நீ?"

ரேடியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "உங்களுக்காகன்னா போட்டுக்குவேன். அதுவும் சின்னத் தப்பா இருந்தா. எனக்குன்னு ஒரு வேலை கொடுத்தது நீங்க ஒருத்தர்தானே." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினான். "சிக்னல் பச்சையாயிடுச்சு, போங்க."

லென்ஸ் வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"அண்ணி, இந்த உருக்கத்தை வீட்டுல போய் வெச்சுக்கலாம்."

"உருக்கம் இல்லைடா. அண்ணி!" என்றாள் லென்ஸ். "அவனுக்கும் ஒரு அண்ணி இருக்காங்க!" அடுத்த சந்திலேயே வண்டியைத் திருப்பினாள்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது முதலாளி புகார் மனுவைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மைகள் கேட்டுக்கொண்டிருந்தன. மனைவி வெட்டுமேசை ஓரத்தில் தலைகுனிந்து நின்றாள். காலையில் துணியில் போட்ட கோட்டுக்குப் பிறகு அவள் கை நகர்ந்த மாதிரி தெரியவில்லை.

மேசைமேல் போன் மணி அடித்தது. அவள் எடுப்பதற்குள் அருகில் நின்ற ரேடியோ எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் படபடத்தது.

"அக்கா இருக்காங்களா? கை வரைபடம் வந்துடுச்சுன்னு சொல்லுங்க. அச்செடுத்து வெட்டிட்டேன், கச்சிதமா உட்கார்ந்துச்சு. பொண்ணு இப்பவே போட்டுக்கிட்டு ஆடறா. அக்கா நல்லா இருக்கணும்!"

ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தான். அவன் வாழ்க்கையில் அது புதிது.

முதலாளி மனுவிலிருந்து கண்ணை எடுத்தார். "எந்த வரைபடம்? எல்லாந்தான் போயிடுச்சே?"

"போயிடுச்சுன்னு உங்க மனைவி சொல்லவே இல்லையே" என்றாள் லென்ஸ். "நான் கேட்டப்பகூட, சைட்ல இல்லைன்னுதான் சொன்னாங்க. பொய் சொல்ல மனசு வரலை." பொம்மையின் மேலிருந்த சட்டையின் தோளைத் தொட்டாள். "இந்தத் தையல் கோணலா போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பிரிப்பேன்" என்றாள்.

"பிரிச்சு?"

"திரும்ப தைப்பேன். அதுக்குத்தானே பிரிக்கிறது."

முதலாளி உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது அதிர்ஷ்டம்.

"நான்தாங்க" என்றாள் மனைவி. "தம்பியோட பழைய லேப்டாப் என்கிட்டதான் இருக்கு. புது டிசைன் ஏத்த அவன்தான் சொல்லிக் கொடுத்தான். நான் வரையறதெல்லாம் நேரா சர்வர்லதான் ஏறுது. அவன் போனப்புறம் அதுக்கு எங்கயும் ரெண்டாவது காப்பி இல்லை. உங்ககிட்ட சொன்னா அந்த வெல்வெட் பெட்டியைக் காட்டினீங்க. நீங்க நேரா சைட்ல கை வைக்கறதும் நிக்கலை. எனக்குத் தூக்கமே போச்சு. காகிதத்துல நகல் எடுக்காம துணியில கத்தரி வெச்சதில்லை நான்."

"அதுக்காக எல்லாத்தையும் அழிச்சிடறதா?"

"அழிக்கலை. முதல்ல எல்லாத்தையும் ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்தேன். ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். அப்புறம்தான் பிரிச்சேன். சைட் நின்னுட்டா வேற வழியில்லாம தம்பியைக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்." அவள் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க டிடெக்டிவைக் கூப்பிட்டீங்க."

ரேடியோ இருமினான். லென்ஸ் அவன் காலை மிதித்தாள்.

"அவன் பேர் விழும்னு எனக்குத் தெரியாது. நீங்க அதைப் படிச்சுட்டுக் கத்தினப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை. ஜனங்க அழுதுக்கிட்டே போன் பண்ணப்பவாவது சொல்லியிருக்கணும். செஞ்சது தப்புதான்."

"தப்புதான்! என் சைட்டை..." என்று முதலாளி குரலை உயர்த்தினார். 'என்' என்ற சொல் அவர் காதிலேயே விழுந்தது போல. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னொரு விஷயம்" என்றாள் லென்ஸ். "உங்க தம்பி ஒத்துக்கிட்டார்."

"எதை?"

"நான்தான் அழிச்சேன்னு. லேப்டாப் யார்கிட்ட இருக்குன்னு ஞாபகம் வந்த அடுத்த நிமிஷம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கையிலிருந்த மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதரிடமிருந்து கடைசியில் வந்தது இதுதான்:

"அவன் சாப்பிட்டானான்னு கேட்டீங்களா?"

"கேட்கலை" என்றாள் லென்ஸ். "நீங்களே கேளுங்களேன்."

போன் எடுக்கப்பட்டதும் அவர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "நான்தான்டா... சைட் உடைஞ்சு கிடக்கு... இல்லடா, இந்தத் தடவை நான் இல்லை... யாருன்னு நேர்ல சொல்றேன். உனக்குத்தான் தெரியுமே. வர்றியா?... வேலையை முடிச்சுட்டே வா. உங்க அண்ணி சமைக்கறேங்கறா."

"நான் எப்பங்க சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தம்பி வந்தான். அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அண்ணி பிரித்ததற்கு முந்தைய நிலைக்கு ஒரே கட்டளையில் கோடு திரும்பி வந்தது. அவள் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த டிஸ்க்கிலிருந்து வரைபடங்கள் வரிசையாக ஏறின. வெள்ளைத் திரையில் கவுன்களும் சட்டைகளும் ஒவ்வொன்றாக முளைத்தன.

"இனிமே விலையை மாத்தணும்னா?" என்றான் தம்பி, திரும்பாமல்.

"உன்கிட்ட சொல்றேன்" என்றார் அண்ணன். "சொல்லிட்டு மாத்தறேன்."

"நான் மாத்தறேன். நீங்க சொன்னா போதும்."

"சரிடா, சரி."

"அப்புறம் பேக்கப். ஒரு காப்பி இங்க இருக்கட்டும். இன்னொண்ணு இந்தக் கட்டடத்துலயே இருக்கக்கூடாது. தீ பிடிச்சாலும் தண்ணி புகுந்தாலும் ரெண்டும் சேர்ந்து போயிடும். நம்பிக்கையான வேற இடத்துல வைக்கணும்."

வாசல்வரை போயிருந்த ரேடியோ எதையோ சொல்ல வாயைத் திறந்தான். லென்ஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

முதலாளி டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றினார். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடை பார்ப்பது போல் நின்றார். பிறகு அதைத் தம்பியின் சட்டைப்பையில் போட்டார்.

"உன் வீட்டுல வை" என்றார். "மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டு வா, புதுசா காப்பி பண்ணிக்கலாம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாசம் ரொம்ப இடைவெளியா இருக்கோ? வாரம் ஒரு தடவைன்னா?"

தம்பி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"தினமும் எடுக்கறதுதாண்ணா நல்லது" என்றான்.